பல்லில்லாத ஃபோர்செப்ஸ்

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் குடிக்கலாம். நான் வந்தது ஒரு வரியைத் திருத்தச் சொல்லத்தான். ஆபரேஷன் தியேட்டரில் மாசாணியம்மாள் இறந்ததற்குப் பராமரிப்பில்லாத பழைய ஃபோர்செப்ஸ் காரணம் என்று எழுதியிருக்கிறீர்களாம். அது அநியாயம்.

அது டாக்டர் காளிச்சாமியின் சொந்த ஃபோர்செப்ஸ். பார்க்கச் சாமணம் மாதிரி இருக்கும், முனையில் பல் கிடையாது. ரத்தக்குழாயைக்கூட நோகாமல் பிடிக்கும். அவர் பீளமேட்டில் ஆஸ்பத்திரி தொடங்கியதிலிருந்து நான்தான் அதைத் தனியாகக் கழுவித் துடைத்து வைத்தேன். ஆபரேஷனில் அவர் வாய் திறந்து கேட்கமாட்டார். திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார், நான் வைப்பேன். என் கல்யாணம் தட்டிப்போனபோதுகூட, அந்தக் கை நீண்டால் போதும் என்றுதான் இருந்தேன்.

பிறகு நஃபீசா நர்ஸாக வந்தாள். உக்கடத்துப் பெண், நல்ல பிள்ளை. நான்தான் பழக்கினேன். முதல் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் அவளிடம், "கை நல்லா ஓடுதே கண்ணு," என்றார். என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. கொஞ்ச நாளில், "ராமாமணி, இனி நீங்க கருவியெல்லாம் கழுவிப் பேக் பண்றதப் பாத்துக்குங்க," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான்.

எங்கள் தியேட்டரில் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் கையில் வைக்குமுன் ஃபோர்செப்ஸால் ஒரு கிளவுஸ் துண்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்போம். ரப்பர் கிழிந்தால் முனை சரியில்லை என்று அர்த்தம். நஃபீசாவைப் பழக்கிய நாட்களில், அவள் கை கழுவி வருவதற்குள் நான் அதை முடித்துவிடுவேன். எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், அதை மட்டும் சொல்லவில்லை.

மாசாணியம்மாள் கிணத்துக்கடவுக்காரர், வயிற்றில் கட்டி. அன்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க அம்மணி, பேத்தி காதுகுத்துக்குப் போயிருவனுங்களா?" என்று கேட்டார். "தாராளமாப் போவீங்க," என்றேன். அதற்கு முன்பே ஃபோர்செப்ஸ் முனையைச் சின்ன அரத்தால் கத்தி போலத் தீட்டிப் பேக் பண்ணியிருந்தேன். நஃபீசா ஒரு திட்டு வாங்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பிடித்ததும் ரத்தக்குழாய் அறுந்தது. ரத்தம் நிற்கவில்லை. "கிளவுஸ்ல இழுத்துப் பாக்கலியா?" என்று கத்தினார். "அப்படின்னா என்னங்க சார்?" என்றாள் நஃபீசா. எனக்குப் பின்னால், வராந்தா எஸ்.டி.டி. பூத்தில் மாசாணியம்மாளின் மகள், "இப்ப முடிஞ்சுருமாங்க, பயப்படாதீங்க," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

நஃபீசாவை அன்றே வேலையைவிட்டு அனுப்பினார்கள். "சொல்ல மறந்துட்டீங்களாக்கா?" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். பாவம், முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஆகவே சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஃபோர்செப்ஸ் பராமரிப்பில்லாமல் கெடவில்லை. நான் தீட்டினேன்.

அடுத்த ஆபரேஷனுக்கு டாக்டர் என்னைத்தான் கூப்பிட்டார். திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினார். புது ஃபோர்செப்ஸைக் கிளவுஸில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். நோயாளிகள் விஷயத்தில் நான் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லைங்க.