ஒருத்தனை இறக்கணும்

– உன் கால் சங்கிலிய யாருடா கழட்டினது? நான் இன்னும் சொல்லவே இல்லையே.

– கொல்லன்தான் ஐயா, விடியக்காலையிலேயே வந்து கழட்டிட்டான். எப்படியும் இன்னிக்கு ஆள இறக்கத்தானே போறோம்னான்.

– சரி, கப்பலுக்குக் கீழ படகு நிக்குது. இறங்கு பஸ்தியான்.

– இறங்குறேன் ஐயா. கரையில போய் என்ன செய்யணும்னு இன்னொரு தடவ சொல்லிடுங்க. உப்பளத்துக்காரன் மண்டை, ஏற மாட்டேங்குது.

– கேட்டுக்க. போனதும் உக்காரு. நின்னுக்கிட்டே இருந்தா சண்டைக்கு வந்தவன்னு நினைப்பாங்க. சிவப்புக் குல்லாய முன்னால வை, வெண்கல மணிய ஆட்டிக் காட்டு. குடுக்கிறதத் தின்னு. தண்ணிக்கு அவங்க என்ன சொல்றாங்கன்னு முதல்ல கத்துக்க. பொம்பளைங்கள ஏறிட்டுப் பாக்காத. லிஸ்பன்ல ஒருத்தனக் குத்துன மாதிரி அங்கயும் கத்தியத் தூக்காத.

– அவன் என் தங்கச்சி கையப் புடிச்சு இழுத்தான் ஐயா.

– அதுக்குத்தான் உனக்குத் தூக்குக்கயிறு விழுந்துச்சு. ராஜாதான் மனசு வச்சாரு. புதுக் கரையில ஒருத்தனை இறக்கி விடு, பாஷை கத்துக்கட்டும், திரும்பும்போது ஏத்திக்கன்னு கட்டளை. உசுரு மிச்சம்டா உனக்கு.

– திரும்பும்போது ஏத்திக்குவீங்கல்ல?

– இந்தக் கப்பல் தலைவன் லோப்போ மெந்தெஸ் சொன்னா சொன்னதுதான்.

– என்ன மாதிரி கைதி பெரோகிட்டயும் அப்படித்தான் சொன்னீங்களாமே.

– எவன் சொன்னது?

– அடுப்படிப் பேச்சு. போன பயணத்துல அவன ஆத்து முகத்துல இறக்கி விட்டீங்களாம். கப்பல் திரும்பி வர்றப்ப சட்டையக் கழட்டி ஆட்டிக்கிட்டே கரையோரமா ஓடி வந்தானாம்.

– அன்னிக்குக் காத்து நல்லா இருந்துச்சு. நின்னா போயிருக்கும். உனக்கு அது புரியாது.

– புரியுது ஐயா. காத்துதானே.

– மீசை முளைக்கிறதுக்கு முன்னாடி கப்பல் ஏறினவன்டா நான். வீட்டுல படுத்தா, தரை ஆட மாட்டேங்குதேன்னு தூக்கம் வராது. கல்யாணமான புதுசுல என் பொண்டாட்டி பிரித்தெஷ் கேட்டா, கட்டிலுக்கும் ஒரு பாய்மரம் கட்டிடவான்னு. இந்தக் கரை எங்கயோ கிழக்கால திரும்புது. அந்த முனையில என் பேரு வெட்டின கல்தூண நடணும். அது வரைக்கும் என்னால உக்கார முடியாது.

– அப்ப இன்னும் தெக்கதானா?

– தெக்கதான்.

– பாதிப் பேருக்கு ஈறு அழுகிப் பல்லு ஆடுது. ரொட்டிய உடைச்சாப் புழு. நேத்துத் தச்சன சாக்குல கட்டிக் கடல்ல போட்டோம். ஊருக்குப் போலாம்னு எல்லாரும் உங்ககிட்ட வந்து கேட்டாங்களே.

– கேட்டானுங்க. இன்னொரு வாட்டி கேட்டா உங்களையும் பஸ்தியான் பக்கத்துல இறக்கி விட்டுடுவேன்னேன். வாய் அடைச்சுப் போச்சு.

– ஆமா. அதுக்கப்புறம் உங்ககிட்ட யாரும் பேசல.

– அது என்ன சத்தம்? நங்கூரத்த யாரு தூக்கச் சொன்னா? படகு இன்னும் போகவே இல்லையே.

– காத்து மாறுதாம். அதோ, கரையில ஆளுங்க நிக்கிறாங்க. நல்லவங்களா ஐயா?

– நல்லவங்கதான். தண்ணி எடுக்கப் போனப்ப நம்மாளுங்களுக்குச் சுட்ட மீனு குடுத்தாங்க. ஊத்துத் தண்ணி இனிக்குது. இந்த நாத்தம் புடிச்ச கப்பலுக்கு அங்க எவ்வளவோ தேவலாம். வேலை மட்டும் இல்லேன்னா நானே போயிருப்பேன்.

– இத உங்க வாயால எல்லாரும் கேக்கணும்னுதான் இவ்வளவு நேரம் நின்னேன்.

– எல்லாருமா? எதுக்குடா எல்லாரும் சுத்தி நிக்கிறானுங்க? சுக்கான்ல யாரு? கப்பல் ஏன் நடுக்கடலப் பாத்துத் திரும்புது?

– ஊருக்குப் போகணும்னா கரைய விட்டு நடுக்கடலுக்குப் போய்ச் சுத்தித்தானே வரணும். நீங்க சொல்லிக் குடுத்த வழிதான்.

– நான் உத்தரவு போடலையே.

– ராஜா போட்டிருக்காரே, ஒருத்தனை இறக்கணும்னு. எவனைன்னு போடலயாம். கப்பல் கணக்கப்பிள்ளை கட்டளையப் படிச்சுப் பாத்துட்டாரு.

– பஸ்தியான், விளையாடாத. உனக்கு நான் மன்னிப்பு வாங்கித் தர்றேன். சொன்னா கேளு.

– இந்தா குல்லா, இந்தா மணி. போனதும் உக்காரு, நின்னுக்கிட்டே இருக்காத. காத்து நல்லா இல்லேன்னா வந்து ஏத்திக்கிறோம்.