தெரிஞ்ச குரல்

ஐயோ இல்லக்கா, நான் ஒட்டுக் கேக்குறவ இல்ல. பஸ்ல ஏறி உக்காந்து நீங்க போன்ல பேசினப்ப சட்டுனு திரும்பிப் பாத்தேன்ல, அது தொழில் புத்தி. குரல் கேட்டா காது தானா அந்தப் பக்கம் போயிடும். என் வேலையே அதுதானே. ஹெட்போனை மாட்டிக்கிட்டு, ஊர்ல உள்ளவங்க பேச்சையெல்லாம் கேட்டு டைப் அடிக்கணும்.

யாரு பேச்சா? உங்க பேச்சாக்கூட இருக்கும், சிரிக்காதீங்க. ஜனங்க போன்ல, கேட்டா பதில் சொல்ற அந்த மெஷின்கிட்ட பேசுறாங்கல்ல, மழை வருமா, குழந்தைக்குக் காய்ச்சல் என்ன பண்ணட்டும்னு. அது சரியா காதுல வாங்குச்சான்னு ஒரு ஆளு சரிபாக்கணுமே. அந்த ஆளுங்க நாங்கதான், ஒரு ஹால் முழுக்க. இல்லக்கா, பேரு வராது. பேரு, நம்பரு, விலாசம் வர்ற எடத்துல பீப்புன்னு ஒரு சத்தம் போட்டு அழிச்சிடுவாங்க. ரொம்பப் பத்திரமாம். சரி, குரலை என்ன பண்ணுவாங்க? மூக்கை உறிஞ்சுறது, வார்த்தையை இழுக்குறது எல்லாம் அப்படியே வருதே.

அதுக்கும் ஒரு பட்டன் வச்சிருக்காங்க, தெரிஞ்ச குரல்னு. நம்ம ஆளுங்க குரலா இருந்தா உடனே அமுக்கிடணும். அந்தப் பேச்சு வேற யாருக்கோ போயிடும், நமக்குத் திரும்ப வராது. நல்ல சட்டம்தான், குத்தம் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர், வழுக்கையில முடி மொளைக்குமான்னு மெஷின்கிட்ட கெஞ்சினாரு. டக்குனு அமுக்கிட்டேன். கை அப்படிப் பழகிப் போச்சு.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்துச்சு. போன வாரம் ஒரு பொம்பளை குரல். குசுகுசுன்னு பேசுறா, பக்கத்துல குழந்தைங்க தூங்குது போல. நாளைக்கு நான் எந்திரிக்கலைன்னா என் பிள்ளைங்களை யாருகிட்ட விடுவாங்கன்னு கேக்குறா. மெஷின்கிட்டக்கா! யாரு பேசுறான்னு மண்டையில ஏறுறதுக்குள்ள விரல் அமுக்கிடுச்சு. பேச்சு போயே போச்சு. அப்புறம் அவ என்ன சொன்னா, என்னைக்குச் சொன்னது, ஒண்ணும் தெரியல. சூப்பர்வைசர் கால்ல விழாத குறை. அவரு பாவம், எனக்கே தொறக்காதும்மாங்குறாரு.

கேக்காம இருப்பேனா? அவளுக்கே போன் போட்டு நல்லா இருக்கியான்னு கேட்டா, எனக்கென்ன குறைச்சல்னு சிரிக்கிறா. எனக்குத் தெரியும்டீன்னு சொல்லலாம்தான். சொன்னா வேலை போயிடும், போகட்டும், அது பெருசில்ல. ஆனா அவ வாயைத் தொறக்குறதே அந்த ஒரு எடத்துலதான். அங்கயும் ஆளு உக்காந்து கேக்குதுன்னு தெரிஞ்சா அதையும் மூடிக்குவா. அப்புறம் யாருகிட்டக்கா சொல்லுவா? எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு.

யாரா? என் தங்கச்சிதான். அடுத்த ஸ்டாப்புல பிள்ளைங்களோட ஏறுவா, சிரிச்சுக்கிட்டே வருவா பாருங்க. நீங்க எதுவும் கேக்காத மாதிரியே இருங்கக்கா. நானும் அப்படித்தான் இருக்கேன்.