எட்டு போல்ட்டுக்கு இரண்டு

கடத்தூரிலிருந்து பொம்மிடி போகும் பஸ். "தூணு ஆடலைங்கக்கா, மூட்டுதான் ஆடுது" என்று முன் இருக்கையில் ஒருவர் சமாதானம் சொன்னதும், தூங்குவதுபோல் நடித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் இரும்புக் கட்டடம் கட்டித் தருபவர். அவர் பக்கத்திலிருந்த அம்மா, அவர் கட்டிய கட்டடத்தில் தையல் கம்பெனி நடத்துபவர்.

"மாடியில இருபது மிஷின் ஒண்ணா ஓடுனா தொட்டிலாட்டம் ஆடுது. பிளான்ல மூட்டுக்கு எட்டு போல்ட்டு. நீ ரெண்டுதான் போட்டிருக்க!"

"குத்தகை நெலம், பின்னாடி கழட்டணும், சுலுவாக் கழட்டுற மாதிரி கட்டுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"நாங் கழட்டுனா கழலணும்யா. அதுவாக் கழண்டுக்கவா சொன்னேன்?"

"தூணும் கனம், உத்தரமும் கனம். ஒண்ணும் ஆவாதுங்க."

"ரெண்டும் கனந்தான். சேர்ற எடம் கதவுக் கீலாட்டம் திரும்புதே! மேல தைக்கிற பொண்ணுங்க வூட்டுக்கு யாரு பதில் சொல்றது, நீயா?"

என் இருக்கையும் ஆடியது. குனிந்து பார்த்தேன். அதற்கும் இரண்டு போல்ட்டுதான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்ட வீரன் நான்.

"ஒண்ணும் ஆவாதில்ல? உம் பொண்டாட்டிக்குத் தையல் தெரியுமே. நாளைக்குக் காலையில மாடியில நடு மிஷின்ல வந்து உக்காரச் சொல்லு."

 அடுத்த நிறுத்தம் வந்ததும் அவர் தன் போனை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"கம்பெனிக்குப் போடுங்கக்கா. மொதல்ல எல்லாரையும் கீழ எறக்குங்க."