ஆறு ஆரஞ்சு மிட்டாய்கள்

தேநீருக்கு நன்றி. இதில் சர்க்கரை ஒன்றே முக்கால் கரண்டி இருக்கிறது. போட்டவரைக் கேட்டால் இரண்டு என்பார். இரண்டாவது கரண்டி நிறைந்திருக்காது, அவ்வளவுதான். பெருமைக்குச் சொல்லவில்லை ஐயா. பத்தொன்பது வருடமாக என் நாக்குக்குத்தான் எனக்குச் சம்பளம்.

மிட்டாய்த் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் பிரிவு என்று ஒன்று உண்டு. கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறை, வாய் கொப்பளிக்க ஒரு தொட்டி, மேசையில் எண் ஒட்டிய கிண்ணங்கள். சர்க்கரை மிட்டாயையும் செயற்கை இனிப்பு போட்ட மிட்டாயையும் மாற்றி மாற்றி வாயில் போட்டு, எது எது என்று எழுத வேண்டும். செயற்கை இனிப்பு கொஞ்சம் தாமதமாக வரும். வந்துவிட்டால் லேசில் போகாது, நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பை வைத்துவிட்டுத்தான் கிளம்பும். அந்தக் கசப்பை மறைப்பதுதான் எங்கள் வேலை. ஆரஞ்சு மிட்டாய்க்கு மட்டும் நான்கு வருடம் மெனக்கெட்டோம். ஒருநாள் எது எது என்று எனக்கே தெரியாமல் போனது. அன்று மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அது விஷமா என்று நீங்கள் கேட்டீர்கள். என் தங்கையும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளை வீட்டில் சின்னவள் என்போம், எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பத்திரிகையில் செயற்கை இனிப்பைப் பற்றி எது வந்தாலும் கத்தரித்து ஃபிரிஜ் கதவில் ஒட்டிவிடுவாள். இதயத்துக்கு ஆகாது என்று ஒன்று, குடலைக் கெடுக்கும் என்று ஒன்று, பயப்பட ஒன்றுமில்லை என்று இன்னொன்று. தண்ணீர் எடுக்கப் போனால் அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

"ஊருக்கே எதையோ உருட்டிக் குடுத்துட்டு இருக்கீங்க. நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா உன் நாக்கைத்தான்க்கா தேடி வருவாங்க" என்பாள்.

"நான் தினம் முப்பது திங்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"அதான் பாக்குறேனே. சிரிக்கவே மறந்துட்டே."

உங்களுக்கும் அதே பதில்தான். காலம் போகப் போக உடம்பை என்ன செய்யும் என்று ஆராய்ச்சி செய்கிறவர்களே இன்னும் அடித்துச் சொல்லவில்லை, நான் என்னத்தைச் சொல்ல. ஒன்று மட்டும் தெரியும். அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. சர்க்கரை நோய்க்காரர்கள் அதற்காகத்தானே தேடி வாங்குகிறார்கள்.

சின்னவளுக்கு ஒன்பது வயதில் அந்த நோய் வந்தது. அன்றிலிருந்து இன்சுலின் ஊசி. அம்மா போன பிறகு ஊசி, சாப்பாட்டு அளவு, விரலில் குத்திப் பார்க்கும் சோதனை எல்லாம் என் பொறுப்பு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் தங்கையும் கூட வருவாள் என்றேன். அதன் பிறகு யாரும் வரவில்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை, அவளிடம் சொல்லிக்காட்டியதும் இல்லை.

இந்த நோயில் சர்க்கரை ஏறுவது மட்டும் ஆபத்தில்லை. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் மளமளவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அப்போது உடனே நிஜமான சர்க்கரை உள்ளே போக வேண்டும். அதற்காக அவள் பையில் ஒரு தகர டப்பா நிறைய எங்கள் ஆரஞ்சு மிட்டாய், சர்க்கரை போட்டது, இருக்கும். திங்கள்கிழமை காலையில் நான்தான் நிரப்புவேன். வேறு யார் நிரப்பினாலும் அவளுக்கு நம்பிக்கை வராது.

ஏழு மாதம் முன்பு மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில் அந்தக் கடைக்காரரோடு பழக்கமானாள். நல்ல மனிதர். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் சங்கடம். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதே கையில் நோட்டு.

"அக்கா, அவளுக்கு மயக்கம் வந்தா நான் என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

இருபது வருடமாக நான் தூக்கம் கெட்டுக் கற்றதை மூன்று வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். அப்புறம், கல்யாணம் செய்துகொண்டு ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு ஊரில் குடியேறப் போவதாகச் சொன்னார்கள். "நீயும் வாயேன்க்கா, உனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கிடலாம்" என்றாள் சின்னவள். நான் தூக்கி வளர்த்தவள் எனக்கு ஒரு அறை ஒதுக்குகிறாள். சரி, பார்க்கலாம் என்றேன்.

டப்பாவில் மிட்டாயை மாற்றியது கஷ்டமான காரியமில்லை. சர்க்கரை மிட்டாய்க்கு ஆரஞ்சு நிறத் தாள், மற்றதற்கு நீலத் தாள். சோதனைக் கிண்ணத்தில் மிஞ்சிய சர்க்கரையில்லாத மிட்டாய்களையும் கொஞ்சம் ஆரஞ்சுத் தாளையும் வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சுற்றினேன். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு முறுக்கு. இயந்திரம் சுற்றியதற்கும் என் கை சுற்றியதற்கும் வித்தியாசம் தெரியாது.

முதல் தடவை பயமுறுத்துவதற்காக மட்டும்தான். அச்சகத்தில் தலை சுற்றியிருக்கிறது, நான்கு மிட்டாய் தின்றும் தெளியவில்லை. கூட வேலை செய்கிறவர் பழரசம் கொடுத்துத் தெளிய வைத்துக் கூட்டிவந்தார்.

"பாத்தியா, இங்க இருக்கும்போதே இப்படி. தனியா போய் என்ன செய்வே?" என்று கேட்டேன். போகவில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"மிட்டாய் பழசாயிருக்கும்க்கா. புதுசா போட்டுக் குடு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கவில்லை ஐயா. மிட்டாயைச் சந்தேகப்பட்டாளே தவிர என்னைச் சந்தேகப்படவில்லை. அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறவள் எப்படி விட்டுவிட்டுப் போகலாம்?

புதிதாகவே போட்டுக் கொடுத்தேன், முப்பது. அவர்கள் வாடகை வீடு பார்க்கக் கிளம்பிய நாள் அது. கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு நோட்டில் ஒரு தடவை சரிபார்க்கச் சொன்னேன்.

"மூணு மிட்டாய் குடுங்க. கால் மணி நேரம் பாருங்க. தெளியலைன்னா இன்னும் மூணு. வேற எதையும் வாயில ஊத்தாதீங்க, புரையேறிடும்."

எழுதிக்கொண்டார். கடைசி வரி நினைவு தப்பியவர்களுக்குச் சரியான யோசனை. விழித்திருக்கிறவர்களுக்கு அல்ல. அந்த வித்தியாசத்தை நான் சொல்லவில்லை.

மதியம் ரயிலில் சாப்பாடு வரும் என்று நம்பி ஊசி போட்டுக்கொண்டாள். சாப்பாடு வரத் தாமதமானது. வியர்க்க ஆரம்பித்ததும் மூன்று மிட்டாய் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். எதிர் இருக்கைப் பெண்மணி குளிர்பானப் பாட்டிலை நீட்டியிருக்கிறார். "அக்கா வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்று இவர் மறுத்துவிட்டார். பிறகு இன்னும் மூன்று. அடுத்த நிலையத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாள், அப்புறம் போய்விட்டாள். இதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரே ஒன்றுவிடாமல் என்னிடம் சொன்னார். ஆறு தாளையும் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

டப்பாவைச் சோதித்த பிறகு, தொழிற்சாலையில் தாள் மாறிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். எங்கள் இடத்தில் அப்படி மாறாது. பாவம், தாள் சுற்றும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை ஒன்றும் கேட்காதீர்கள்.

நான் இன்று வந்தது அதற்காகவும் இல்லை. அடக்கம் முடிந்த அன்று வீடு நிறைய ஆட்கள். கண்ணாடிக்காரர் நடுவில் உட்கார்ந்து, "நான்தான் கொன்னுட்டேன், என் கையாலதான் போனா" என்று அழுதுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நேற்று இங்கேயும் வந்து தன்னைக் கைது செய்யச் சொன்னாராமே. அவளை அவருக்கு ஏழு மாதமாகத்தான் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். மிட்டாயை மாற்றியது நான். நோட்டில் அந்த வரியை எழுத வைத்தது நான். இரண்டாவது தடவை மாற்றும்போது பயமுறுத்துவதற்காக மாற்றவில்லை. அவர் சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான் அவர் பங்கு. அதற்கு மேல் அவருக்கு எதுவும் கொடுத்துவிடாதீர்கள். சின்னவளைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டது நான்தான்.