ஒவ்வொருத்தரா இறக்கிப் பார்த்தேன்

இல்ல தம்பி, அப்படிச் சுருக்காச் சொல்ல முடியாது, முதல்லேருந்து கேளுங்க. நீங்க பாட்டுக்குச் சக்கரத்தக் கழட்டுங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன். பத்து மணிக்குள்ள நான் ஒரு இடத்துக்குப் போய்ச் சேரணும். முன்னாடி இடது சக்கரம். டொக்கு டொக்குன்னு. பள்ளத்துல இறங்கினா அடிக்குது, பிரேக்க மிதிச்சா டங்குன்னு ஒரே இடி. யாரோ கதவத் தட்டுற மாதிரி. என் மாமியார் உள்ள வாங்கன்னே சொல்லிட்டாங்க.

நேரா இங்க வந்திருக்கணுமா? அதெப்படி? நான் பம்பு கம்பெனியில தரம் பார்க்கிறவன் தம்பி. பழுதுன்னு வந்தா ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்திப் பார்க்கணும். ரெண்ட மாத்தினா எதனால சரியாச்சுன்னே தெரியாது. அதனால முதல்ல டிக்கியில இருந்த பெட்டிய எடுத்து மச்சான் மடியில வெச்சேன். சத்தம் போகல. சரின்னு மச்சானையே இறக்கிட்டேன்.

ஆமா, ரோட்டுலதான். பின்ன வேற எங்க இறக்குறது? ஆளு நல்ல பாரம், அவர் உட்கார்ந்தாலே வண்டி ஒரு பக்கமாச் சாயும். இறக்கிட்டு ஓட்டினா, அதே டொக்கு டொக்கு. அடுத்து மாமியார். பாலத்துக்கிட்ட நிழல் பார்த்துத்தான் இறக்கினேன், மரியாதையில எல்லாம் ஒரு குறையும் வைக்க மாட்டேன். உடனே என் வீட்டுக்காரி நானும் இறங்குறேன்னு கதவத் திறந்துட்டா. கூடவே கூடாதுன்னுட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து இறங்கினா கணக்கு தப்பிடுமில்ல? கொஞ்ச தூரம் தள்ளித்தான் அவள இறக்கினேன். இறங்கும்போது ஒரு வார்த்தை சொன்னா பாருங்க, அத உங்ககிட்ட சொல்ல முடியாது.

என்னது, பிரேக்கப் பிடிக்கிற காலிப்பர்ல ஒரு போல்ட்டே இல்லையா? காட்டுங்க. அட ஆமா! அதான் மிதிக்கும்போதெல்லாம் ஆடி ஆடி இடிச்சிருக்கு. அப்போ மச்சான் மேல தப்பில்ல. பாவம், மனுஷன பெட்டியோட வெயில்ல நிறுத்திட்டேன். வீட்டுக்காரி வேற ஃபோன எடுக்க மாட்டேங்கிறா.

சீக்கிரம் போட்டுடுங்க தம்பி. எல்லாரையும் வழியில பொறுக்கிக்கிட்டு கல்யாண மண்டபத்துக்குப் போகணும். யாருக்குக் கல்யாணமா? என் பொண்ணுக்குத்தான். அவளா? அவளத்தான் கடைசியா இறக்கினேன். அதோ, அந்தப் பெட்ரோல் பங்க்ல அலங்காரத்தோட நிக்கிறா பாருங்க. பெட்ரோல் போட வர்றவங்கல்லாம் வாழ்த்திட்டுப் போறாங்க.

மண்டபத்தத் தாண்டித்தான் வந்தேன், ஆமா. வாசல்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கையக்கூட ஆட்டினாங்க. நானும் ஆட்டிட்டு வந்துட்டேன். அங்கயே இறக்கியிருக்கலாம்தான், நீங்க சொல்றது சரிதான். ஆனா தம்பி, இறக்கினவங்கள மறுபடி ஏத்தி ஓட்டிப் பார்த்தாத்தான் சோதனை முடிஞ்ச மாதிரி. அங்க இறக்கிட்டா அவ திரும்ப என் வண்டியில ஏற மாட்டாளே.