நம்ம வண்டிதானே!

தலைமை நாற்காலியில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பட்டறைச் சங்கத் தலைவர் அவர்களே! இரும்போடு உழைத்து, இன்று இதயம் கனக்க வந்திருக்கும் மெக்கானிக் தோழர்களே! பெரியோர்களே! பிள்ளை வீடு திரும்பும்வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் என்னைப் பெற்றவளே! அனைவருக்கும் என் வணக்கம்.

மேடை எனக்குப் புதிதல்ல. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். "அக்கா கையில மைக் கிடைச்சா புடுங்கத்தான் வேணும்" என்று என் தம்பியே கேலி செய்வான். அவனுடைய நினைவுக் கூட்டத்திலேயே அந்த மைக் என் கைக்கு வரும் என்று நான் கண்டேனா? கனவிலாவது கண்டேனா?

இதோ, கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கிறதே, இது அவன் காரில் இருந்த இன்டர்கூலர். நசுங்கிப்போன தகடுகளை நிமிர்த்தி, துடைத்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் அன்பை நான் குறை சொல்லமாட்டேன். தாய்மார்களுக்காகச் சொல்கிறேன்: டர்போ என்பது காற்றை அமுக்கி என்ஜினுக்கு அனுப்புவது. அமுக்கிய காற்று கொதிக்கும். கொதிக்கும் பாலை ஆற்றித் தருகிறோமே, அப்படி அந்தக் காற்றை ஆற்றித் தருவது இது. கம்பெனி வைத்த சின்னது ஓரத்தில் ஒளிந்திருந்தது. என் தம்பி பெரியதாக ஒன்றை வாங்கி, எதிர்காற்று நேராக வந்து அடிக்கும்படி வண்டியின் முகத்திலேயே மாட்டினான்.

அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "என்னடா, வண்டிக்குக் கொசுவலை கட்டியிருக்க?" என்றாள். "கொசுவலை இல்லம்மா, என்ஜினுக்கு ஏசி. உனக்குத்தான் இன்னும் வாங்கித் தரல" என்றான். சிரிக்கிறீர்கள். அன்று நாங்களும் சிரித்தோம்.

என்ன, பின்வரிசையில்? "அக்கா, பிக்கப் கூடுச்சா?" என்கிறீர்களா? கூடியது தம்பி! மேட்டில் முக்கி முனகிய வண்டி, முயல் மாதிரி ஏறியது. காற்றைக் குளிரவைத்தது குற்றமல்ல. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் பாதிப் பேர் தரையைப் பார்க்கிறீர்கள்.

பம்பருக்குப் பின்னால் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் உண்டு. மோதினால் முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் சட்டம். அந்த வண்டியில் அதை வெட்டினால்தான் இவ்வளவு பெரிய இன்டர்கூலர் உட்காரும். வாடிக்கையாளர் வண்டி என்றால், வளைத்துச் செய்த மாற்றுச் சட்டம் கைக்கு வந்த பிறகுதான் என் தம்பி வெட்டுவான். அவசரப்பட்டவர்களோடு எத்தனை சண்டை! எத்தனை சாபம்! தன் வண்டிக்கு என்ன செய்தான்? முதலில் வெட்டினான். பம்பரைப் போட்டு மூடினான். மாற்றுச் சட்டம் எங்கே என்று கேட்ட நண்பனிடம் சொன்னான்: "நம்ம வண்டிதானே, பாத்துக்கலாம்."

ஊர்ப் பிள்ளைக்குக் குடை பிடித்தவன், தன் தலையை மழையில் விட்டான்!

அவன் பந்தயத்துக்குப் போகவில்லை. பால் வாங்கப் போனான். தூறல். முன்னால் போன லாரி பிரேக் போட்டது. அவனும் போட்டான், வழுக்கி லாரியின் பின்னால் மோதியது. பெரிய வேகம்கூட இல்லை. வண்டியைச் சோதித்த அதிகாரி என்னிடம் சொன்னார்: "அந்த இரும்பு இருந்திருந்தா கால் உடைஞ்சிருக்கும்மா. ஆள் இருந்திருப்பார்." கால் உடைந்த தம்பியை நான் சுமந்திருக்கமாட்டேனா? காலமெல்லாம் சுமந்திருக்கமாட்டேனா?

துக்கத்துக்கு வந்த அவன் நண்பன், நீங்கள் 'ஸ்பேனர்' என்று கூப்பிடுகிறவன், எங்கள் வாசலில் அப்படியே நின்றுவிட்டான். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டை முட்டுக்கொடுத்திருந்தோம். தம்பிதான் பட்டறையிலிருந்து கொண்டுவந்து போட்டான். அவன் வரும்வரை அம்மா கதவைச் சாத்தமாட்டாள் அல்லவா? "அக்கா, இது அந்தச் சட்டத்துல வெட்டினது" என்று சொல்லி ஸ்பேனர் உட்கார்ந்து அழுதான். என் தம்பியின் உயிரைக் காக்க வேண்டிய இரும்பு எங்கள் கதவைக் காத்துக்கொண்டிருந்தது!

ஸ்பேனரே! மூன்றாம் வரிசையில் மனைவியோடு இருக்கிறாய். வெளியே நிற்கும் உன் வண்டியிலும் அதே இன்டர்கூலர், அதே வெட்டு. திரும்பிப் போகும்போது உன் பக்கத்தில் உட்காரப்போவது யார்? உன் வண்டிதானேப்பா! மாற்றுச் சட்டம் வரும்வரை வண்டிச் சாவியைத் தலைவரிடம் கொடு. இன்று பஸ்ஸில் போ.

பேசாமல் இருங்கள், அவனைத் திட்டாதீர்கள். எழுந்துவிட்டான்… வருகிறான். வாப்பா. வை, சாவியை மேசைமேல் வை. கைதட்ட வேண்டாம். அவனுக்குப் பின்னால் இன்னும் யார் யார் வரவேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

தலைவர் அவர்களே! அந்தப் பெட்டியில் இன்டர்கூலருக்குப் பக்கத்தில் இதையும் வையுங்கள். இந்தத் துணிக்குள் இருப்பது அந்த இரும்புத் துண்டுதான். இத்தனை நாளும் எங்கள் வாசல் கதவை அம்மா சாத்தவிடவில்லை. இன்று காலை, "அம்மா, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அவளே குனிந்து எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோடி. இனிமே கதவைச் சாத்திக்கலாம்" என்றாள்.

இருந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.