செம்மரம் பற்றி நன்றாகப் பேசிய சிறுமி

புத்தூரில் ஒரு தாயும் பத்து வயது மகளும் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்தார்கள். திருப்பதி வரை மகள்தான் பேசினாள்.

"மரத்தைக் காப்போம்னு பேச்சுப் போட்டிம்மா. நான் செம்மரத்தைப் பத்திப் பேசினேன். ஃபர்ஸ்ட் பிரைஸ்!"

"என்னாடி பேசின?"

"செம்மரம் வைரம் பாய எத்தினி வருஷம் ஆவும், கோடாலி பட்டா எப்பிடி சத்தம் வரும், எல்லாம் சொன்னேன். டீச்சருக்கே தெரில. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. எங்க நைனான்னு சொன்னேன்."

தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"நைனா ஃபாரஸ்ட் ஆபீசரான்னு கேட்டாங்க. காட்லதான் வேலைன்னு சொன்னேன். அடுத்த மாசம் கூட்டினு வா, பசங்களுக்குப் பாடம் எடுக்கட்டும்னாங்க. அதுக்குள்ள ஜெயில்லேர்ந்து வுட்டுருவாங்களாம்மா?"

"மெல்லப் பேசு."

"இன்னிக்கு கோர்ட்டாண்ட நைனாவைப் பார்த்தா, பிரைஸ் வாங்கினதைச் சொல்லட்டுமா?"

தாய் அவள் காதருகே குனிந்தாள். அப்படியும் எனக்குக் கேட்டது.

"சொல்லாத கண்ணு. நைனாவுக்குச் செம்மரம் எது, வேப்பமரம் எதுன்னே தெரியாதுன்னுதான் வக்கீல் ஜட்ஜுகிட்ட சொல்லிக்கினு இருக்காரு."